ஏழரை மணிக்கு யாரைக் கூப்பிடுவது? குடியை விட்டவர்களுக்கு இணையத்தில் கிடைக்கும் துணை

பல்லடம் பக்கம் தறி ஓட்டும் என் சித்தப்பா இரண்டு வாரம் மருத்துவமனையில் இருந்து குடியை நிறுத்திவிட்டு வந்தார். வீட்டில் எல்லோரும் வேலை முடிந்தது என்றே நினைத்தோம். சித்தி பழனிக்கு நேர்ந்துகொண்டதைச் செலுத்திவிட்டு வந்தார். அடுத்த சனிக்கிழமை கூலி கைக்கு வந்தது. மணி ஏழரை, வழக்கமாகக் கூட்டாளிகள் கூடும் நேரம். சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். உள்ளே டிவி ஓடியது, யாரும் பார்க்கவில்லை. எட்டு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "சனிக்கிழமை, மணி ஏழரை. ஏழரைச் சனின்னா வேற என்ன?" என்று சித்தி வெகுநாள் கழித்துச் சொல்லிச் சிரித்தார். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

மருத்துவமனை செய்தது, உடம்பிலிருந்து சரக்கை இறக்கியது. அது பத்துப் பதினைந்து நாள் வேலை. அதற்குப் பிறகு வருகிற ஏழரை மணிகள் வருடத்துக்கு 365. அந்த நேரத்தில் கூடப் பேச யார் இருக்கிறார்கள் என்பதில்தான் நீண்டகால மீட்சி அடங்கியிருக்கிறது. பக்கத்துத் தெருவில் அப்படி ஓர் ஆள் அமைந்தால் பாக்கியம். அமையாதவர் போனில் தேடலாம். எப்படித் தேடுவது, உள்ளே போனால் என்ன நடக்கும், எங்கே ஏமாறுவோம் என்று, இதைப்பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவருக்குச் சொல்வதுபோல எழுதுகிறேன். குடியைத்தான் அதிகம் பேசப்போகிறேன். கஞ்சா, போதைக்குப் போடும் வலி மாத்திரை, வாயில் அடக்கும் புகையிலை எல்லாவற்றுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்திவிடாதீர்கள்

தலைப்பு விசித்திரமாக இருக்கலாம். ஆனால் காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கிறது என்ற நிலையில் இருப்பவர் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் மனக்குழப்பம், வியர்வை, காய்ச்சல், இல்லாத பூச்சி சுவரில் ஊர்வதுபோலத் தெரிவது என்று ஒரு நிலை வரும். டெலிரியம் ட்ரெமன்ஸ் என்பார்கள். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். இதை எந்த வாட்ஸ்அப் குரூப்பும் சரி செய்யாது. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. கோவையிலும், பெருந்துறையிலிருக்கும் ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரியிலும் போய்ப் பார்க்கலாம். நடுக்கம் மிஞ்சி, பேச்சு தடுமாறினால் 108.

இணையத் துணை என்று நான் சொல்வது அதற்கு அடுத்த கட்டம். மருத்துவர் இறக்கிவிட்ட இடத்திலிருந்து வீடு வரைக்கும் கூட நடந்து வருகிற ஆள் மாதிரி.

அரை மணி நேரக் கணக்கு

ஆசை ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? மனத் திடம் இல்லாததால் என்றுதான் ஊரில் சொல்வார்கள். உள்ளே நடப்பது வேறு. பல வருடம் குடித்த மூளை, குடியோடு சேர்ந்து வந்த எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறது: கூலி நாள், பஸ் ஸ்டாண்ட் முக்கு, பொரித்த மீன் வாசம், ஒரு குறிப்பிட்ட கூட்டாளியின் ஹாரன் சத்தம். அதில் ஏதாவது ஒன்று தட்டுப்பட்டால் போதும், சரக்கு வரப்போகிறது என்று மூளை தயாராகிவிடும். டோப்பமின் என்ற வேதிப்பொருளுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. இந்தக் கட்டு அவிழ மாதங்கள் ஆகும், சிலருக்கு வருடங்கள் ஆகும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. ஆசை அலை மாதிரி. ஏறும், உச்சிக்கு வரும், இறங்கும். குடிக்காமல் தாக்குப்பிடித்தால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அந்த அரை மணியைத் தனியாக ஓட்டுவது கடினம், இன்னொருவரோடு பேசிக்கொண்டே ஓட்டுவது அவ்வளவு கடினமில்லை. இணையத் துணையின் மொத்த நியாயமும் என் பார்வையில் இந்த அரை மணி நேரத்துக்குள் இருக்கிறது. டாஸ்மாக் மதியம் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. (திருட்டுத்தனமாக விற்கும் சந்துக்கடைக்கு நேரம் காலம் கிடையாது, அது வேறு கதை.) கவுன்சலரோ மாலை ஐந்தரைக்கு வீட்டுக்குப் போய்விடுவார். ஏழரைக்கு விழித்திருப்பது போன்தான்.

மீண்டவர்கள் நான்கு வார்த்தைகளை அடிக்கடி சொல்வார்கள்: பசி, கோபம், தனிமை, களைப்பு. ஆசை கிளம்பும்போது இந்த நான்கில் எது இருக்கிறது என்று பார்க்கச் சொல்வார்கள். இரண்டாவது ஷிப்ட் முடித்துச் சாப்பிடாமல் வண்டியில் வருகிற பனியன் கம்பெனிக்காரருக்கு நான்குமே ஒன்றாக இருக்கும். பாதி நாள் ஆசைக்கு மருந்து இரண்டு தோசைதான்.

நம் பக்கத்துக்கு ஏன் இது பொருந்துகிறது

கோபி, தாராபுரம், ராசிபுரம் மாதிரி ஊர்களில் ஆள் தெரியாமல் எதுவும் செய்ய முடியாது. டவுனில் ஒரு ஹாலில் குடிநோயாளிகள் கூட்டம் நடக்கிறது என்று வையுங்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எதிர்க் கடையில் டீ குடிக்கும் பங்காளி பார்த்துவிடுவார். குடிப்பதை ஊரே பார்த்தபோது வராத வெட்கம், குடியை விடப்போகும்போது வந்து நிற்கும். வேடிக்கைதான், ஆனால் உண்மை. பொண்ணு பார்க்க வருகிறார்கள், சீட்டு எடுக்க வேண்டும், ஒறம்பரையில், அதாவது சொந்தபந்தத்தில், பேச்சு வரும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும்.

பெண்களுக்கு இது இன்னும் பல மடங்கு. குடிக்கிற பெண்ணும் தூக்க மாத்திரைக்கு அடிமையான பெண்ணும் இந்த மண்ணிலும் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு மையத்தின் வாசலில் போய் நிற்பதை நினைத்துப் பாருங்கள். பெண்கள் மட்டும் சேரும் இணையக் கூட்டங்கள் உண்டு. கேமராவை அணைத்துவிட்டுச் சமையலறையில் இருந்தபடியே கேட்கலாம்.

இன்னொன்று ஷிப்ட். திருப்பூரிலும் சோமனூரிலும் எல்லோருக்கும் ஒரே மாலை கிடையாது. ஒருவருக்குக் காலை ஆறு மணிதான் வேலை முடியும் நேரம். உலகத்தின் ஏதாவது ஒரு மூலையில் எந்த நேரமும் ஒரு கூட்டம் நடந்துகொண்டிருப்பது இணையத்தில்தான் சாத்தியம்.

நம் பக்கத்துக்கு இந்தப் பேச்சு புதிதும் அல்ல. 1921-இல் ஈரோட்டில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்தார்கள். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி அரசு மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். அப்போது நாமக்கல், திருச்செங்கோடு எல்லாம் அதற்குள்தான் இருந்தன. 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. தென்னந்தோப்புக்காரர்கள் அதை எதிர்த்து இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆக நூறு வருடமாகக் கடை இருக்கலாமா, கூடாதா என்று விவாதித்தாயிற்று. கடையைத் தாண்டி வீட்டுக்குப் போகிற அந்த ஒரு ஆளின் மாலைப் பொழுதைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை என்பது என் குறை.

என்னென்ன இருக்கிறது

அவசரத்துக்கு முதலில் எண்கள். 14446 என்பது மத்திய அரசின் போதை மீட்பு இலவச உதவி எண். 14416 என்பது டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கிய மனநல உதவி எண். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. ஆசை தலைக்கேறும் ராத்திரியில் குரூப்பில் யாரும் எடுக்காவிட்டால் இந்த எண். இரண்டையும் பேர் போட்டு போனில் சேமித்து வையுங்கள். "டாக்டர்" என்று போட்டால் எவருக்கும் சந்தேகம் வராது.

அடுத்தது, ஒரே நோயுள்ளவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் கூட்டங்கள். இதில் பழையதும் பெரியதும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குச் சந்தைக்காரரும் ஒரு அறுவை மருத்துவரும் தொடங்கியது. இரண்டு பேருமே குடிநோயாளிகள். ஒரு குடிநோயாளி இன்னொரு குடிநோயாளியிடம் பேசும்போது இருவரும் குடிக்காமல் இருக்க முடிகிறது என்பதே அவர்கள் கண்டது. இந்தியாவுக்கு 1957-இல் வந்தது. போதைப்பொருள்காரர்களுக்கு 1953-இல் தொடங்கிய நார்க்காட்டிக்ஸ் அனானிமஸ், குடும்பத்தாருக்கு 1951-இல் தொடங்கிய அல்-அனான். 2020 ஊரடங்கில் ஹால்கள் பூட்டியபோது இவை எல்லாம் கூட்டத்தோடு ஜூமுக்கு வந்தன. ஹால்கள் திறந்த பிறகும் ஜூம் கூட்டங்கள் நின்றுவிடவில்லை. தமிழிலும் நடக்கின்றன, திருப்பூருக்கு வேலைக்கு வந்திருக்கும் வடநாட்டுத் தொழிலாளிக்கு இந்தியிலும் உண்டு. ஏ.ஏ.-வின் இந்தியத் தளத்தில் நேரமும் லிங்க்கும் கிடைக்கும்.

குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் கடவுள் பேச்சு வரும். "நாம் புரிந்துகொண்ட கடவுள்" என்ற வார்த்தையோடு வருவதால் அவரவர் வசதிப்படி எடுத்துக்கொள்ளலாம் என்பார்கள். குழுவின் பலமே தன் கடவுள் என்று வைத்துக்கொண்டவர்களும் உண்டு. ஈரோட்டுப் பக்கத்தில் வளர்ந்த சிலருக்கு அதுவும் ஒவ்வாது. அவர்களுக்கு 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிகவரி இருக்கிறது. அதில் கடவுள் இல்லை, எண்ணத்தை ஆராய்ந்து பழக்கத்தை மாற்றும் உளவியல் பயிற்சி. பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பதுதான் குறை.

மூன்றாவது, மருத்துவரையே காணொளியில் பார்ப்பது. அரசின் இ-சஞ்சீவனி இலவசம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோவை போக ஒரு நாள் கூலியை விடுகிறவருக்கு இது பெரிய உதவி. ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது மருத்துவரிடம்தான், குரூப்பில் அல்ல. ஒருவருக்கு ஒத்துக்கொண்ட மாத்திரை, ஈரல் கெட்ட இன்னொருவருக்கு ஆகாது.

முதல் கூட்டத்தில் என்ன நடக்கும்

சித்தப்பாவுக்கு லிங்க் போட்டுக் கொடுத்தது நான்தான். "அந்த டப்பாக்குள்ள பேசி என்ன சாமி ஆகப்போகுது?" என்றார். ஒரு மணி நேரம் கேட்டால் மட்டும் போதும், பேச வேண்டாம் என்று சொல்லி உட்கார வைத்தேன்.

கூட்டம் பெரும்பாலும் ஒரு மணி நேரம். நடத்துபவர் வரவேற்பார், ஒரு சிறிய பிரார்த்தனை, அமைப்பைப் பற்றி ஒரு முன்னுரை வாசிப்பு. பிறகு ஒவ்வொருவராகப் பேசுவார்கள். "என் பேர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்குவார்கள், மற்றவர்கள் வணக்கம் சொல்வார்கள். ஆளுக்குச் சில நிமிடம். இதை ஷேரிங் என்பார்கள். ஒருவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது, முடித்த பிறகு "நீங்க இப்படிச் செஞ்சிருக்கணும்" என்று புத்தி சொல்லவும் கூடாது. நம் ஊர்ப் பஞ்சாயத்துக்கு நேர் எதிர். புத்தி கேட்டே சலித்துப்போன ஆளுக்கு இந்த ஒரு விதியே பாதி ஆறுதல்.

சேர ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். கட்டணம் இல்லை. நேர்க் கூட்டத்தில் செலவுக்கு ஒரு தட்டு சுற்றி வரும், விருப்பமிருந்தால் போடலாம். ஓபன் மீட்டிங் என்றால் குடும்பத்தார், மாணவர்கள் யாரும் வரலாம். க்ளோஸ்டு என்றால் குடிப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும். முதல் முறை போகிறவர் பேச விரும்பாவிட்டால் "இன்னைக்குக் கேக்கறனுங்க" என்றால் போதும், யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

சித்தப்பா முதல் நாளே மைக்கை அணைக்க மறந்துவிட்டார். பின்னால் தறிச் சத்தம் கூட்டம் முழுக்கக் கேட்டது. "ஐயா, மியூட் போடுங்க" என்று யாரோ சொன்னார்கள், இன்னொருவர் "தறி ஓடறது நல்லதுதானுங்க, ஓடட்டும்" என்றார். குரலைக் கேட்டதுமே சித்தப்பாவுக்கு அவர் குமாரபாளையம் பக்கத்துக்காரராக இருக்க வேண்டும் என்று பட்டதாம். அதற்குப் பிறகுதான் திரையைப் பார்த்து உட்கார்ந்தார். ஊர்ப் பேச்சுக்கு அந்தச் சக்தி இருக்கிறது. அதனால்தான் ஆங்கிலக் கூட்டம் எவ்வளவு நன்றாக நடந்தாலும், நம் ஆளுக்கு முதலில் தமிழ்க் கூட்டத்தையே தேடச் சொல்வேன்.

ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் வேறொன்று பாருங்கள். ஒரு டீக்கடை சரியில்லை என்று டீயையே விடுகிறோமா? ஐந்தாறு கூட்டம் கேட்ட பிறகு முடிவு செய்யலாம். ஆரம்பத்தில் தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டம் என்பது ஏ.ஏ. வட்டாரத்தில் பழைய சொலவடை. போனில் அது ஒன்றும் அதிகமில்லை.

கொஞ்ச நாள் போனதும் ஸ்பான்சர் என்ற வார்த்தை காதில் விழும். பணம் கொடுக்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். நமக்கு முன்னால் குடியை விட்டு, படிகளைக் கடந்து வந்த மூத்தவர். ஏழரை மணிக்குக் கூப்பிட வேண்டிய எண் பெரும்பாலும் அவருடையதாக இருக்கும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று வைத்துக்கொள்வது வழக்கம், அது நல்ல வழக்கமும்கூட.

இதெல்லாம் வேலை செய்கிறதா என்று கேட்டால், மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட தொகுப்பைச் சொல்லலாம். 27 ஆய்வுகள், 10,565 பேர். ஏ.ஏ.-வும், அதில் ஆட்களைச் சேர்த்துவிடும் சிகிச்சையும், தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் மற்ற அங்கீகரிக்கப்பட்ட உளவியல் சிகிச்சைகளைவிடக் குறைந்ததாக இல்லை. முறையாக வகுத்து நடத்தியபோது அவற்றைவிட நன்றாகவே இருந்தது. ஆனால் அது நேரில் கூடிய காலத்துக் கணக்கு. அதை அப்படியே ஜூமுக்குத் தூக்கி வைக்க மாட்டேன். முடிந்தவர்கள் மாதம் ஒரு முறையாவது நேர்க் கூட்டத்துக்குப் போவது நல்லது. கோவையோ ஈரோடோ, பக்கத்து ஊரில் யாருக்கும் தெரியாத ஹாலாகப் பார்த்துக்கொள்ளலாம்.

பேரும் எண்ணும்

ஜூமில் உள்ளே நுழையும் முன் உங்கள் பேர் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். பிள்ளை ஆன்லைன் வகுப்புக்குப் பயன்படுத்திய போனாக இருந்தால் பிள்ளையின் பேரும் வகுப்பும் வந்து நிற்கும். மாற்றிக்கொள்ளலாம், ஒரே எழுத்து போட்டாலும் சரி. வாட்ஸ்அப் குரூப்பில் உங்கள் எண் எல்லோருக்கும் தெரியும், முகப்புப் படமும் தெரியும். குடும்பப் படத்தை எடுத்துவிடுங்கள், படத்தைத் தொடர்புகளில் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி வையுங்கள். டெலிகிராமில் எண்ணை மறைக்கலாம். முடிந்தால் இதற்கென்று தனி சிம்.

திருப்பூர் லைன் வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். ஹெட்போன் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்கோ, ஊருக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டோ கேட்பவர்கள் இருக்கிறார்கள். வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பது முக்கியம், கடை இருக்கிற ரோட்டில் வேண்டாம்.

கூட்டத்தில் கேட்டது கூட்டத்தோடு. திரையைப் படம் எடுப்பது, பதிவு செய்வது, இன்னொருவர் கதையை வீட்டில் சொல்வது எல்லாம் துரோகம். இதை மீறுகிறவர்களை அட்மின் கண்டுகொள்ளாத குரூப்பில் இருக்காதீர்கள்.

ஏமாறும் இடங்கள்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், நாங்களே ஏமாந்தோம் என்பதால்.

"குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், 15 நாளில் குடியை வெறுப்பார்" என்று ஒரு விளம்பரம் சித்தியின் போனுக்கு வந்தது. விற்றவர் யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. ஒரு பொட்டலம் மூவாயிரத்துச் சொச்சம். ரசத்தில் கலந்தார். சித்தப்பா இரண்டு நாள் வாந்தி எடுத்தார். மூன்றாம் நாள் அடுப்பங்கரையில் பொட்டலத்தைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு மூன்று மாதம் வீட்டில் சாப்பிடவில்லை. சரக்கைவிட அந்த ரசம்தான் அவரை வீட்டிலிருந்து தூரமாக்கியது.

இதில் உயிராபத்தும் இருக்கிறது. டைசல்பிராம் என்று ஒரு மருந்து உண்டு. அதைச் சாப்பிடுபவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரியும். அந்தப் பயத்திலேயே குடிக்காமல் இருக்க உதவும் மருந்து அது. எனவே நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, மருத்துவர் பார்வையில் மட்டுமே கொடுக்க வேண்டும். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை உடம்பில் வேலை செய்யும். தெரியாமல் கொடுத்துவிட்டு, அவர் வெளியில் போய்க் குடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பேர் போடாத பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அடுத்த ரகம், குரூப்பில் நல்லவர் மாதிரிப் பேசிவிட்டு ஏதாவது ஒரு மையத்துக்கு ஆள் பிடிக்கிறவர். "நாங்களே வண்டி அனுப்பி ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிக்கொள்கிறோம்" என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி இத்தகைய மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் கேளுங்கள், காட்டத் தயங்கினால் பதில் கிடைத்துவிட்டது.

கடன் கேட்பவர், எம்.எல்.எம். சேர்ப்பவர், புதிதாக வந்த பெண்ணுக்குத் தனியாக மெசேஜ் போடுபவர் என்று மற்றவர்களும் எல்லாக் கூட்டத்திலும் ஒட்டிக்கொள்வார்கள். பழைய சரக்குக் கதைகளையே ருசித்துப் பேசும் குரூப்பும் உண்டு. வெளியே வந்ததும் தாகம் எடுத்தால் அது உங்களுக்கான இடமில்லை.

போனே ஒரு கூட்டாளிதான் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அதே திரையில்தான் "மாப்ள, எங்க இருக்க?" என்று பழைய குரூப் கூப்பிடும், ரம்மி விளம்பரம் வரும். பழைய குரூப்பை விட்டு வெளியேற மனம் வராது, குறைந்தது ஒலியை அணைத்து ஆர்க்கைவில் போடலாம். சித்தப்பா கடைசியில் நம்பரையே மாற்றினார். தறிக்கு நூல் கொடுப்பவருக்கு மட்டும் புது நம்பர் போனது.

வீட்டில் இருப்பவர்களுக்கு

குடும்பத்தாருக்கென்று தனிக் கூட்டங்கள் இருப்பது பலருக்குத் தெரியாது. அவர் நிறுத்தினாரா இல்லையா என்பது அங்கே பேச்சு இல்லை. பத்து வருடம் பாட்டிலை ஒளித்து வைத்தும், வாயை மோந்து பார்த்தும், ஒறம்பரையிடம் பொய் சொல்லியும் களைத்துப்போனவர் தன்னைப் பற்றிப் பேசும் இடம் அது. சித்தப்பா ஒப்புக்கொள்வதற்கு எட்டு மாதம் முன்பே சித்தி அல்-அனான் கூட்டத்தில் சேர்ந்துவிட்டார். "ஏனுங்க, நீங்க வந்தா வாங்க, வராட்டிப் போங்க, எனக்கு எட்டு மணிக்கு மீட்டிங் இருக்குதுங்க" என்று அவர் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனதுதான் எங்கள் வீட்டில் நடந்த முதல் மாற்றம்.

சறுக்கினால்

சறுக்கலாம். அமெரிக்க அரசின் போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் சொல்லும் கணக்கு, சிகிச்சை எடுத்தவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் மறுபடி ஒரு கட்டத்தில் பயன்படுத்துகிறார்கள். பிரஷருக்கும் ஆஸ்துமாவுக்கும் மருந்தையும் பத்தியத்தையும் விட்டுத் திரும்ப நோய் முற்றுபவர்கள் இதற்குக் குறைவில்லை. அவர்களை யாரும் மானம் கெட்டவன் என்று சொல்வதில்லை. மறுபக்கம், 2007-இல் வெளியான எட்டு வருடத் தொடர் ஆய்வு ஒன்றில், ஒரு வருடத்துக்கும் குறைவாக விலகி இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் அடுத்த வருடமும் தாக்குப்பிடித்தார்கள். மூன்று வருடத்தைத் தாண்டியவர்களில் 86 சதவீதம் பேர் தாக்குப்பிடித்தார்கள். முதல் வருடத்துக்குத்தான் ஆள் பலம் அதிகம் வேண்டும் என்று இதற்கு அர்த்தம்.

குடித்த மறுநாள் எல்லோரும் செய்யும் தவறு, வெட்கப்பட்டு குரூப்பை விட்டு வெளியேறுவது. அன்றைக்குத்தான் உள்ளே போக வேண்டும். "நேத்து குடிச்சிட்டனுங்க" என்று சொன்னால் நல்ல கூட்டத்தில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஹெராயின், போதை மாத்திரை, ஊசிக்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: சில வாரம் விலகியிருந்த உடம்புக்குப் பழைய அளவு தாங்காது. பழைய நினைப்பில் அதே அளவு எடுத்தவர்கள் மூச்சு நின்று இறந்திருக்கிறார்கள்.

நோம்பி சீசனுக்கு முன்கூட்டியே யோசிக்க வேண்டும். மாரியம்மன் நோம்பி, கெடா விருந்து, காது குத்து எதுவானாலும் தோப்புக்குப் பின்பக்கம் ஒரு வட்டம் உட்கார்ந்திருக்கும். போகாமல் இருக்க முடியாது, பங்காளி வருத்தப்படுவார். சித்தப்பா செய்வது: முன்னாடியே ஸ்பான்சருக்குச் சொல்லிவிடுவார். சொந்த வண்டியில் போவார், இன்னொருவரை நம்பிப் போனால் அவர் கிளம்பும் வரை நிற்க வேண்டும். கையில் எப்போதும் ஒரு டம்ளர் மோர் இருக்கும், காலிக் கையைக் கண்டால்தான் ஊற்றிக் கொடுப்பார்கள். மொய் எழுதி, பந்தியில் சாப்பிட்டு, மூன்று மணிக்குக் கிளம்பி, பாதி வழியில் நிறுத்தி ஸ்பான்சரிடம் ஐந்து நிமிடம் பேசுவார்.

வருடங்கள் போகப் போகக் கூட்டம் குறையும். தினமும் போனவர் வாரம் இரண்டு என்று ஆவார். அது இயல்பு. ஆனால் முற்றிலும் நிற்காமல் இருக்க ஏ.ஏ.-காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: ஏதாவது ஒரு வேலையைக் கொடுத்துவிடுவார்கள். லிங்க் அனுப்புவது, நேரம் பார்ப்பது, முன்னுரை வாசிப்பது என்று. சித்தப்பாவுக்கு இப்போது கிடைத்திருப்பது கூட்டத்தைத் திறக்கும் வேலை. எட்டு மணிக் கூட்டத்துக்கு ஏழேகாலுக்கே தறியை நிறுத்திவிட்டு போனைச் சார்ஜில் போடுகிறார், ஏழரைக்கு லிங்க்கைத் திறந்து வைத்து உட்காருகிறார். அவ்வளவு முன்னாடி எதற்கு என்று கேட்டேன். புதுசா வர்றவங்க சீக்கிரமே வந்துருவாங்க சாமி, என்றார்.